வழிநெடுக விளையாட்டு

குழந்தைகளை அழைத்துக்கொண்டு மோட்டார் வண்டியில் நெடும் பிரயாணம் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகத் தெரியும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்பதே அது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டால், தாம்பரம் தாண்டுவதற்குள் இந்தக் கேள்வி பிறந்துவிடுகிறது. திருநெல்வேலியோ 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் அழுகை வரும். குறைத்துச் சொன்னாலோ அரை மணிக்கு ஒரு தடவை அந்தப் பொய்யைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும்.

இதற்கு மூன்று வைத்தியங்கள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது பட்சணம். அது செங்கற்பட்டு வரையில் செல்லும். இரண்டாவது தூக்கம். அது நாம் அழைத்த வேளையில் வருவதில்லை. மூன்றாவது கைபேசி. அதைக் கொடுத்துவிட்டால் வண்டிக்குள் சத்தமே இராது என்பது மெய்தான். ஆனால் ஐந்து பேர் ஒரே வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஐந்து வெவ்வேறு உலகங்களுக்குப் போகிற மௌனம் அது. தவிரவும், ஓடுகிற வண்டியில் குனிந்து திரையையே பார்த்தால் பல குழந்தைகளுக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது. உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பு, "உடம்பு நகர்கிறது" என்று மூளைக்குச் சாட்சி சொல்லுகிறது. திரையில் பதிந்த கண்ணோ, "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் வருவதுதான் அந்தக் குமட்டல். தலையை நிமிர்த்தித் தொலைவில் தெரியும் மலையையோ மரத்தையோ பார்த்தால் அது குறைகிறது. ஆகையால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் செய்யும் விளையாட்டு எதுவானாலும் அது பாதி மருந்து.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. முன்னெல்லாம் சாலை ஊர்களுக்குள் புகுந்து சென்றது. கடைத்தெருவும் கோயில் தேரும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் கண்ணில் பட்டார்கள். இப்பொழுது நான்கு வழிச் சாலை ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெளியே வளைந்து போகிறது. சௌகரியந்தான், ஒரு பகற்பொழுதில் நெல்லை சேர்ந்துவிடலாம். ஆனால் குழந்தைகளுக்கு ஊர் என்பது பச்சைப் பலகையில் எழுதிய வெறும் பெயராகிவிட்டது. விடுமுறைக்குத் தெற்கே போய் வந்த மாணவனிடம், "வழியில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "ரோடு" என்கிறான். வகுப்பிலே இந்த விடையை நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறோம். தன் நாட்டின் நடுவே நாள் முழுவதும் பிரயாணம் செய்தும் அதைக் காணாத பிள்ளைக்குப் பூகோளப் புத்தகம் எதைக் காட்டிவிடப் போகிறது?

ஆகவே சென்ற கோடை விடுமுறையில் நெல்லைக்குப் போகும்போது வழிநெடுக நாங்கள் ஆடிய ஆட்டங்களை இங்கே எழுதுகிறோம்.

ஆட்டக்காரர்களும் சட்டங்களும்

வண்டியில் நாங்கள் ஐந்து பேர். பன்னிரண்டு வயதுப் பெரியவள், ஏழு வயதுச் சின்னவன், நெல்லையிலே பிறந்து வளர்ந்த அவர்களுடைய ஆச்சி, வண்டி ஓட்டுகிற அவர்களுடைய தாயார் ஆகிய நால்வர் போக, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் இருந்தார்.

சட்டங்கள் மூன்றே. வண்டி ஓட்டுகிறவர் எந்த ஆட்டத்திலும் சேரக் கூடாது, அவரைப் பார்த்து "அதோ பார்!" என்று கூவவும் கூடாது. யாரும் இடுப்புப் பட்டையை அவிழ்க்கவோ, தலையையோ கையையோ வெளியே நீட்டவோ கூடாது. வென்றவருக்குப் பரிசு ஒரு புளியங்கொட்டை, அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆச்சி ஒரு சுருக்குப்பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார். காசு வைத்து ஆடினால் சண்டை வரும். புளியங்கொட்டைக்கு வரும் சண்டை அடுத்த ஊர் வருவதற்குள் தீர்ந்துவிடும்.

எண் பலகை

விடியற்காலையில் புறப்பட்டோம். செங்கற்பட்டு வரையில் வண்டிகள் நெருக்கமாகவும் மெதுவாகவும் செல்லுகின்றன. எண் பலகை ஆட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 1989-ஆம் ஆண்டில் வந்த ஏற்பாட்டின்படி, எண்ணில் முதலில் மாநிலத்தின் எழுத்தும், அடுத்தபடி பதிவு அலுவலகத்தின் இலக்கமும் இருக்கின்றன. டி.என். 37 என்றால் கோவை, 43 நீலகிரி, 45 திருச்சி, 49 தஞ்சாவூர், 59 மதுரை, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். முன்னே போகும் வண்டி எந்த ஊர் என்று முதலில் சொல்பவருக்கு ஒரு கொட்டை. வெள்ளைப் பலகை சொந்த வண்டி, மஞ்சள் பலகை வாடகை வண்டி, பச்சைப் பலகை மின்சார வண்டி என்பதையும் குழந்தைகள் அரை மணிக்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஊர் தெரியாத சின்னவனுக்காக வேறொரு கணக்கு வைத்தோம். கடைசி நான்கு இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடியும் கூட்டி, ஒற்றை இலக்கமாக்க வேண்டும். ஒன்பது வந்தால் ஒரு கொட்டை. 4572 என்ற வண்டி வந்தபோது அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பெரியவளோ சட்டென்று "ஒன்பது!" என்றாள். நாலும் ஐந்தும் ஒன்பது, ஏழும் இரண்டும் ஒன்பது. ஒன்பதுகளைத் தள்ளிவிட்டால் கூட்டவே வேண்டாம் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். வகுப்பில் நாங்கள் இதை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேருக்கு ஏறியதில்லை.

ஊரின் வால்

இது நாள் முழுவதும் நடக்கும் ஆட்டம். ஒவ்வொருவரும் ஊர்ப் பெயரின் முடிவு ஒன்றைத் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். வழியிலுள்ள பலகைகளில் அந்த முடிவு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு கொட்டை.

சின்னவன் 'பாக்கம்' எடுத்துக்கொண்டான். மீனம்பாக்கம், கிளாம்பாக்கம், ஊரப்பாக்கம் என்று கொட்டைகள் குவிந்தன. 'பேட்டை'யை எடுத்த பெரியவளுக்குக் குரோம்பேட்டை அகப்பட்டது. உளுந்தூர்பேட்டைக்கு அவள் வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஆச்சி எடுத்தது 'பட்டி'. திண்டிவனம் போயிற்று, விழுப்புரம் போயிற்று. ஆச்சிக்கு ஒரு கொட்டைகூட விழவில்லை. ஒரு பலகையில் 'கூட்டேரிப்பட்டு' என்று கண்டதும் அவர் கையை நீட்டினார். பட்டு வேறு, பட்டி வேறு என்று தீர்ப்பாயிற்று. சின்னவன் அவரைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஆச்சி, வேணும்னா பாக்கத்துல பாதி தாரேன்" என்றான். ஆச்சி சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும்டா ராசா, வழி இன்னும் கிடக்கே" என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அச்சிறுபாக்கத்தோடு பாக்கங்கள் அருகிவிட்டன. பழைய இலக்கணம் பாக்கத்தையும் பட்டினத்தையும் நெய்தல் நிலத்து ஊர்களாகச் சொல்லுகிறது. கடற்கரையை விட்டுச் சாலை உள்ளே திரும்பினால் அந்தப் பெயரும் குறைவது இயற்கைதானே? திருச்சிக்குத் தெற்கே கொட்டாம்பட்டி வந்தது. அதன்பின் சாலையோரத்துச் சிறு பலகைகளிலெல்லாம் பட்டி, பட்டி என்றே வரத் தொடங்கிற்று. பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். மேய்ச்சல் நிலத்தில் அடைப்பும், அடைப்பைச் சுற்றிக் குடிசைகளும் எழுந்து ஊராயின. கோவில்பட்டியை அடைந்தபோது ஆச்சியின் மடி நிறைந்திருந்தது. அங்கே வண்டியை நிறுத்தி, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்க் கடலை மிட்டாயை வாங்கித் தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாகக் கொடுத்தார். நெல்லைச் சீமைக்குள் போனால் 'குளம்' எடுத்தவர்தான் ராஜா. ஆலங்குளம், சாத்தான்குளம் என்று ஏரிப்பாசனம் ஊர்ப்பெயரிலேயே தேங்கி நிற்கிறது. மண்ணின் குணம் மாறுவதைக் குழந்தைகள் இப்படி வால் பிடித்தே அறிந்துகொண்டார்கள்.

ஊர் அந்தாதி

உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி வரையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை, வெயிலும் ஏறிவிடும். அது வாயால் ஆடும் ஆட்டத்துக்குரிய நேரம். ஒருவர் சொன்ன ஊரின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஓர் ஊர் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தோம். பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடங்கிவிட்டது.

காரணம் எளிது. நம் ஊர்களில் பாதி 'ஊர்' என்று முடிகின்றன. மீதியில் பெரும்பாலும் 'ம்' என்று முடிகின்றன. வேலூர் என்றால் ரகரத்தில் ஊர் வேண்டும். தமிழ் மொழியில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. ராமேசுவரம், ராசிபுரம், ராஜபாளையம், ராணிப்பேட்டை என்று பெரியவள் அடுக்கினாள். "அதெல்லாம் இராமேசுவரம், இராசிபுரம்னுல்ல எழுதணும்; எங்க காலத்துப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான்" என்றார் ஆச்சி. வாத்தியாருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இலக்கணம் ஆச்சியின் கட்சி. பலகைகளெல்லாம் பேத்தியின் கட்சி.

கடைசியில் ஆட்டத்தையே மாற்றினோம். கடைசி எழுத்து வேண்டாம். ஊர்ப் பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லின் முதல் எழுத்தில் தொடங்கினால் போதும். குறில் நெடில் பேதம் பார்க்க வேண்டியதில்லை. உடனே தேர் ஓடத் தொடங்கிற்று. தூத்துக்குடி; 'குடி'க்குக் குளித்தலை; 'தலை'க்குத் தஞ்சாவூர்; 'ஊரு'க்கு ஊத்தங்கரை; 'கரை'க்குக் கரூர்; மறுபடியும் 'ஊரு'க்கு உத்தமபாளையம்; 'பாளைய'த்துக்குப் பாபநாசம்! இனி 'நாச'த்தில் தொடங்க வேண்டும் என்றதும் சின்னவன் சிரித்த சிரிப்பில் அரைக் கிலோமீட்டர் போய்விட்டது. அப்புறம் நாகர்கோவில் என்று அவனே எடுத்துக் கொடுத்தான். காரைக்கால் அம்மையார் காலத்திலிருந்து நம் புலவர்கள் அந்தாதி பாடி வருகிறார்கள். அவர்கள் எழுத்தை மட்டுமன்றி, அசையையும் சீரையும் சொல்லையுமே பிடித்துத் தொடுத்தார்கள். அதன் சௌகரியம் எங்களுக்குப் பெரம்பலூர்ச் சாலையில்தான் விளங்கிற்று.

முதலில் கண்டவர் யார்?

திருச்சி நெருங்கும்போது வாயை மூடிக் கண்ணைத் திறக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை முதலில் காண்பவருக்கு இரண்டு கொட்டை. பதின்மூன்று நிலைகளும் சுமார் 236 அடி உயரமும் உள்ள அந்தக் கோபுரம் 1987-இல்தான் முழுமை பெற்றது. அடுத்தது மலைக்கோட்டை. விராலிமலைப் பக்கத்தில் மயில் கண்டவருக்கு ஒன்று. மேலூர் தாண்டியதும் யானைமலை. படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்தப் பாறை, எல்லாப் பக்கத்திலிருந்தும் யானையாகத் தெரிவதில்லை. எந்தத் திருப்பத்தில் அது யானையாகிறது என்று கண்டுபிடிப்பதே ஆட்டம். தும்பிக்கை எது, வால் எது என்ற தகராறு மதுரை ஒத்தக்கடை வரையில் நீடித்தது.

சாப்பாட்டுக்குப் பின் விடுகதை போட்டோம். தெரிந்த பழைய விடுகதை கூடாது. வழியில் கண்ட பொருளுக்குப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது விதி. "மஞ்சள் தலைப்பாகைக்காரன், எல்லோருக்கும் வழி சொல்வான், தான் ஓர் ஊருக்கும் போகமாட்டான்" என்றாள் பெரியவள். தேசிய நெடுஞ்சாலையின் மைல்கல் அது. "கேட்காமலே காசெடுப்பான், எடுத்ததும் கையைத் தூக்குவான்" என்றார் ஆச்சி. சுங்கச்சாவடிதான் என்று, ஆட்டத்தில் சேரக் கூடாத தாயாரே முன் இருக்கையிலிருந்து விடை சொல்லிவிட்டார்!

யார் அவர்?

திருமங்கலம் தாண்டினால் பொழுது சாயும். குழந்தைகளுக்கு அலுப்புத் தட்டும். அப்போதுதான் இருபது கேள்வி ஆட்டம் வேண்டும். ஒருவர் மனத்தில் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் 'ஆம்', 'இல்லை' என்ற விடை மட்டும் பெறக் கூடிய இருபது கேள்விகளால் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். சின்னவன் "காந்தியா? நேருவா?" என்று பெயர்களாகவே கேட்டு இருபதையும் தீர்த்தான். பெரியவளோ, "1900-க்கு முன் பிறந்தவரா? தெற்குச் சீமைக்காரரா? சிறைக்குப் போனவரா?" என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கேள்வியும் மிஞ்சியதைச் சரிபாதியாக்கினால், இருபது கேள்விகளில் 10,48,576 பேரிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துவிடலாம். நல்ல கேள்வியின் பலம் அவ்வளவு.

இந்த ஆட்டத்துக்கு இந்தச் சாலையைப் போல் வாய்த்த இடம் வேறில்லை. முதலில் நினைத்தது காமராஜரை. அவர் 1903-இல் பிறந்த விருதுநகர் எதிரே வந்தது. அடுத்தது பாரதியார், 1882-இல் அவர் பிறந்த எட்டயபுரத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து கிழக்கே வழி பிரிகிறது. மூன்றாவது, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரனார், அவர் பிறந்த ஒட்டப்பிடாரமும் அந்தக் கிழக்குச் சீமைதான். நான்காவது மனிதரைக் கண்டுபிடிக்க முடியாமல் பதினெட்டுக் கேள்விகள் போய்விட்டன. "அவர் இறந்த ஊர் இந்தச் சாலையில் இருக்கிறதா?" என்று பெரியவள் கேட்டாள். "ஆம்." வண்டி கயத்தாற்றில் நின்றது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மனை ஆங்கிலேயர் தூக்கிலிட்ட ஊர் அது. இறங்கி அவர் சிலையின் எதிரே சிறிது நேரம் நின்றோம். கொட்டையை யாரும் கேட்கவில்லை.

ஆற்றுப் பந்தயம்

காலையிலேயே தொடங்கி மாலையில் முடிந்த ஆட்டம் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். சென்னையிலிருந்து நெல்லை வரையில் எட்டு ஆறுகளைக் கடக்கிறோம்: பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, வைப்பாறு, தாமிரபரணி. பாலம் வருமுன் ஆற்றின் பெயரைச் சொல்ல வேண்டும். தண்ணீரா, மணலா என்று பந்தயமும் கட்ட வேண்டும்.

சின்னவன் எட்டுக்கும் 'தண்ணீர்' என்றே கட்டினான். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. "ஆறுன்னா தண்ணிதானே ஆச்சி இருக்கும்?" என்று கேட்டான்.

பாலாறு மணலாக இருந்தது. மணலுக்கு அடியில் ஓடும் நீரைக் கிணறு தோண்டி எடுத்துத்தான் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்கள் குடிக்கின்றன என்று சொன்னோம். "அடியில இருக்குன்னா எனக்குப் பாதிக் கொட்டை" என்று வாதாடி வாங்கிக்கொண்டான். தென்பெண்ணை மணல், அதன் நீரைச் சாத்தனூர் அணை 1958 முதல் தேக்கிவைக்கிறது. வெள்ளாறு மணல். கொள்ளிடத்தில் மணலும் நாணலும். காவிரியில் மணலுக்கு நடுவே ஓர் ஓடை நெளிந்தது. ஒரு கொட்டை கொடுத்தோம். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம்; நாங்கள் போனது மே மாதம். வைகையில் பச்சைக் குட்டைகளும் ஆகாயத்தாமரையும் தென்பட்டன. அது தண்ணீர் ஆகாது என்று அவனே தள்ளிவிட்டான். சாத்தூரில் வைப்பாற்றைக் கடந்தபோது அவன் வாய் திறக்கவில்லை.

பெரியவளுக்கு ஐந்து கொட்டை கிடைத்திருந்தது. ஆனால் அவளுக்கும் அதில் சந்தோஷமில்லை. அணைகள், ஆழ்குழாய்கள், மணல் வாரிய லாரிகள், மழை பெய்யும் மாதங்கள் என்று காரணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தோம். அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆயினும், ஏழு வயதுப் பிள்ளை 'ஆறு' என்ற சொல்லுக்கு 'மணல்' என்று பொருள் கற்றுக்கொள்வதை ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எந்த வாத்தியாருக்கும் எளிதன்று.

அந்தி வேளையில் தாமிரபரணிப் பாலம் வந்தது. பொதிகையில் பிறந்து, இரு பருவ மழையையும் வாங்கி, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடிக் கடலில் சேரும் ஆறு அது. கரை வரையில் இல்லாவிட்டாலும், நடுவிலே அகலமாக, மெய்யாகவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் கூவவில்லை, கையை நீட்டவும் இல்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பாலம் முடியும் மட்டும் பார்த்தான். மறுநாள் காலையில் குறுக்குத்துறைப் படியில் கால் நனைத்து நின்றபோது, "இது மட்டும் எப்படி ஆச்சி இருக்கு?" என்று கேட்டான். "வச்சுக்கிட்டாத்தான் இருக்கும்டா" என்றார் ஆச்சி. இருபது கேள்வி ஆட்டத்தில் அவன் கேட்காத நல்ல கேள்வி இதுதான் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

சில யோசனைகள்

விடுமுறைக்குப் புறப்படும் நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஓர் ஆட்டத்தை அரை மணிக்கு மேல் நீட்ட வேண்டாம், சலிக்குமுன் மாற்றிவிடுங்கள். காலையில் கண்ணால் ஆடுவதும், வெயிலில் வாயால் ஆடுவதும், மாலையில் யோசித்து ஆடுவதும் நலம். இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கச் செய்யுங்கள். ஓட்டுகிறவருக்கும் ஓய்வு வேண்டும். நெருக்கடியான இடங்களில் 'மௌனப் பந்தயம்' வையுங்கள்; அடுத்த சுங்கச்சாவடி வரையில் பேசாதிருப்பவருக்கு மூன்று கொட்டை.

வீட்டுப் பெரியவர்களை ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைத்துவிடாதீர்கள். எந்த ஊரில் எது விசேஷம், எந்த ஆற்றில் எப்போது வெள்ளம் வந்தது என்பதெல்லாம் அவர்களிடத்தில் இருக்கிறது. கேட்பாரில்லாததால் அவர்கள் சொல்லுவதில்லை. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட ஊர்களையும் கடந்த ஆறுகளையும், தண்ணீர் இருந்ததா என்பதையும் தேதியிட்டுக் குழந்தைகளே எழுதட்டும். எங்கள் வீட்டு நோட்டில் எட்டு ஆறுகளுக்கும் எதிரே வரும் ஆண்டுகளுக்கென்று கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த தடவை கார்த்திகை மாதத்தில் போக வேண்டும் என்று சின்னவன் இப்போதே பிடிவாதம் பிடிக்கிறான். மழைக்காலத்தில் எட்டுக்கும் 'தண்ணீர்' என்று கட்டி, இழந்த கொட்டைகளையெல்லாம் மீட்டுவிடுவதாக உத்தேசம்.